துறவிகள் இட்ட முத்திரை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பேருந்து ஆமத்தூரில் நின்றபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் பங்குனி வெயில் கரிசலைச் சுடவைத்திருந்தது. நான் போக வேண்டிய ஊர் கழுகுமலை. அங்கே பாறையில் செதுக்கிய சமணத் திருமேனிகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வழியில் ஆமத்தூரில் சித்தி முறையாக வேண்டும் ஒருவர் வீடு இருக்கிறது. பார்க்காமல் போனால் வருத்தப்படுவார் என்று இறங்கினேன்.

ஊரைச் சுற்றிலும் சீமைக்கருவேலம், நடுவில் வானம் பார்த்த காடுகள், தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றை அறைக் கட்டடங்கள். பட்டாசு ஆலைகளின் கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. ஒன்றில் தீ பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக இடம் விட்டு, மரம் வளர்த்துக் கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கையில் ஏதோ பழைய மடத்தின் தனித்தனி அறைகள் மாதிரி இருக்கும். அன்றைக்கு நான் தேடிப் போன விஷயம் மனதில் கிடந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

சித்தி திண்ணையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். மருந்து வீட்டுக்கு வரக் கூடாது. வெறும் அட்டையும் காகிதமும் பசையும்தான் வரும். கட்டிலிருந்து ஒரு லேபிளை உருவிப் பார்த்தேன். நீலப் பின்னணியில் தீக்கொழுந்துகளோடு ஒரு சக்கரம், பக்கத்தில் வெண்சங்கு. தரையில் சுழலும் அந்த வாணத்துக்குத் தமிழ்நாடு முழுக்கச் சங்கு சக்கரம் என்றுதானே பெயர்.

"ஏன் சித்தி, இது ஒட்டாட்டி என்ன ஆகும்?"

"ஒட்டாட்டி வெறும் அட்டைப்பெட்டிதானப்பா. உள்ள என்ன கெடக்குன்னு எவன் நம்புவான்? இத ஒட்டிட்டமுன்னா கம்பெனிக்காரரே பக்கத்துல வந்து நின்னு சொன்ன மாதிரி."

முத்திரை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வர முடியாத ஒருவர் பக்கத்தில் வந்து நின்று வாக்குக் கொடுப்பது. அரசன் எல்லா ஊருக்கும் போக முடியாது. அவன் புலியோ மீனோ வில்லோ போய் நிற்கும். புகார்த் துறைமுகத்தில் இறங்கிய பொதிகளின் மேல் சோழனின் புலியைப் பொறித்து வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அரசனுக்கும் வணிகனுக்கும் முத்திரை எதற்கு என்று யாரும் கேட்கப் போவதில்லை. துறவிக்கு எதற்கு? வீட்டையும் பெயரையும் விட்டு வந்தவர் எதன் மேல் தன் அடையாளத்தைக் குத்துவார்? அந்த அடையாளத்தில் என்ன உருவம் இருக்கும்? சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னோடு வந்துகொண்டிருக்கிறது. கழுகுமலைப் பயணமும் அதற்காகத்தான்.

துறவிக்கு ஒன்றும் வேண்டாம். மடத்துக்கு எல்லாம் வேண்டியிருந்தது. சமணத் துறவிகள் வாழ்ந்த பள்ளிக்கு நிலம் இருந்தது. நெல் வந்தது. நந்தா விளக்குக்கு நெய் வேண்டி விட்ட ஆடுகள் இருந்தன. சரக்கறைக் கதவை யாராவது திறந்தார்களா என்று மறுநாள் தெரிய வேண்டும். தொலைவிலுள்ள மடத்துக்கு ஓலை அனுப்பினால் அது இங்கிருந்துதான் போனது என்று அவர்கள் நம்ப வேண்டும்.

பௌத்தர்கள் இதற்கு விதியே எழுதிவைத்தார்கள். மூலசர்வாஸ்திவாதம் என்ற பௌத்தப் பிரிவின் விநய நூலில் முத்திரை பற்றிய பகுதி ஒன்று உண்டு. நாளந்தாவில் பத்தாண்டுகள் படித்த சீனத் துறவி யிஜிங், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீனமொழியில் பெயர்த்தார். அந்த விதிப்படி முத்திரை இரண்டு வகை. சங்கத்தின் பொது முத்திரையில் நடுவே அறச்சக்கரம், இரு பக்கமும் இரண்டு மான்கள், கீழே அந்த விகாரையைக் கட்டிக் கொடுத்தவர் பெயர். புத்தர் முதன்முதலில் அறம் உரைத்தது சாரநாத்தின் மான்சோலையில். மான்கள் வந்தது அதனால். தனி ஒரு பிக்குவின் சொந்த முத்திரையில் என்ன இருக்கலாம்? எலும்புக்கூடு. அல்லது மண்டையோடு.

முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். தன்னுடையது என்று ஒரு பொருளின் மேல் அச்சுப் பதிக்கும் ஒவ்வொரு தடவையும் தன் மண்டையோட்டை அவர் பார்த்தாக வேண்டும். உரிமையை நாட்டும் கருவியிலேயே உரிமையின் ஆயுசை எழுதிவைத்திருக்கிறார்கள். உலகத்தில் முத்திரைக்கு உருவம் தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் அளவுக்குத் துணிந்தவர்கள் குறைவு என்பது என் தீர்மானம்.

சங்க முத்திரைக்குச் சான்று மண்ணிலிருந்தே கிடைத்துவிட்டது. நாளந்தா அகழாய்வில் சுடுமண் அச்சுகள் ஏராளமாக வந்தன. சக்கரம், இருபுறமும் படுத்த மான்கள், கீழே நாளந்தா மகாவிகாரையின் பிக்கு சங்கத்துக்கு உரியது என்ற வடமொழி எழுத்து. விதியில் சொன்னபடியே உருவம்.

சித்தி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அந்த லேபிளைக் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டேன். "இத என்னப்பா செய்யப்போற?" என்றார். திரும்பி வரும்போது சொல்கிறேன் என்றேன்.

அடுத்த பேருந்து திருத்தங்கலில் இறக்கிவிட்டது. ஒரே குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாளும் கருநெல்லிநாதர் என்ற சிவனும் இருக்கிறார்கள். பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. சிலப்பதிகாரத்தில் வரும் தங்கால் இந்த ஊர்தான். வார்த்திகன் என்ற அந்தணனின் மகன் அணிந்திருந்த நகைகளைப் பார்த்த அரசனின் ஆட்கள், புதையலைக் கவர்ந்தான் என்று தந்தையைச் சிறையில் தள்ளினார்கள். குற்றமற்றவன் சிறைப்பட்டதால் கொற்றவை கோயிலின் கதவு திறக்கவில்லை. பாண்டியன் விசாரித்து, தவற்றை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுத் தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வரியின்றிக் கொடுத்தான் என்று கதை. நகையைப் பார்த்தே ஆளைத் திருடனாக்கும் அதே தவறு பிறகு கோவலன் விஷயத்தில் திரும்பி வருவதை இளங்கோ ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறார்.

இளங்கோவைத் துறவி என்கிறது மரபு. அந்தத் துறவியின் காப்பியத்தில்தான் தமிழின் மிக நெருக்கமான முத்திரை வருகிறது. மாதவி கோவலனுக்கு இரண்டாம் முறை ஓலை அனுப்புகிறாள். சுருட்டிய ஓலையின் வாயில் ஈர மண்ணை அப்பி, தன் கூந்தலாலேயே அதில் பொறி இடுகிறாள். மதுரைக்குப் போகும் வழியில் அதைக் கையில் வாங்கிய கோவலனுக்குப் பழைய நாளின் நெய்வாசம் அந்த மண்பொறியிலிருந்து வருகிறது. ஓலையைப் பிரிக்கும் முன்னரே யார் அனுப்பியது என்று தெரிந்துவிடுகிறது. முத்திரையில் உருவம் இருக்கும், எழுத்து இருக்கும். மணம் இருந்ததாக வேறு எங்கும் நான் படித்ததில்லை.

கோயில் வாசலில் சங்கும் சக்கரமும். குறிப்பேட்டில் இருந்த லேபிளை எடுத்து ஒப்பிட்டேன். சக்கரத்தின் தீக்கொழுந்துகள்கூட அச்சாக அதே மாதிரி. வரைந்தவர் கோயிலுக்கு வந்து போகிறவராகத்தான் இருப்பார். இந்தச் சங்கு சக்கரத்தைக் காகிதத்தில் ஒட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மனிதத் தோளில் ஒட்டினார்கள். வைணவத்தில் ஆசாரியர் சீடனை ஏற்றுக்கொள்ளும் சமாசிரயணத்தில், உலோகத்தில் செய்த சக்கரத்தையும் சங்கையும் தீயில் காய்ச்சி வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் பொறிப்பார்கள். இன்றைக்கும் நடக்கிறது. ஐந்து சடங்குகளில் இதுதான் முதலாவது, தாபம் என்று பெயர். ஓலைக்குப் பதில் ஆளே ஆவணமாகிறார். விரும்பித் தோளைக் காட்டுகிறவர்களின் முகத்தில் ஒரு நிறைவைப் பார்த்திருக்கிறேன்.

விரும்பாதவர்களையும் சொல்ல வேண்டும். கோயில் மாட்டுக்குச் சூலக்குறி சுடுவது வழக்கம். கோயில் பணிக்கென்று கொடுக்கப்பட்ட பெண்களுக்கும் சூலக்குறி இட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவர்களில் எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள்? முத்திரையின் அழகைப் பற்றி எழுதும் எவரும் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

குன்றில் கருநெல்லிநாதரைக் கும்பிட்டு வரும்போது சண்டேசுவரர் முன்னால் ஒரு பாட்டி கையைத் துடைத்து மெல்லத் தட்டினார். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை, கை வெறுங்கைதான் என்று காட்டுவதாக எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இந்தச் சின்னச் சடங்குக்குப் பின்னால் பெரிய நிர்வாகம் இருந்தது. இடைக்காலத்தில் சிவன் கோயில் நிலம் வாங்கினாலும் விற்றாலும் குத்தகைக்கு விட்டாலும் ஆவணம் சண்டேசுவரர் பெயரில்தான் எழுதப்படும். கோயில் அதிகாரிகள் யாரும் தம் பெயரில் ஓலை விடுவதில்லை. ஆதிசண்டேசுவர தேவர் திருவருளால் என்று தொடங்கும். பசு மேய்த்த ஒரு பக்தப் பிள்ளை, கற்சிலையாகி, பல நூறு ஊர்களில் ஒரே நேரத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறார். ஆள் மாறினாலும் பெயர் மாறாது. அதிகாரி செத்தாலும் ஆவணம் சாகாது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் சிவன் தன் கையால் அவர் தலையில் மாலை சுற்றுகிறாரே, அந்தப் பதவிப்பிரமாணம் வெறும் புராணம் மட்டும் இல்லை.

ஓலை செல்லரிக்கும். நிலத்தில் நடுவது கல். சிவன் கோயிலுக்கு விட்ட தேவதானத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல். பெருமாள் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தத்துக்கு மூன்று குடை பொறித்த முக்குடைக்கல். எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் ஏரை நிறுத்தும்போது எந்தச் சாமியின் நிலம் என்று தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பியத் திருச்சபை மெழுகில் குத்தியதைத் தமிழ்நாடு கருங்கல்லில் குத்தியது. நமது துறவிகளின் முத்திரையைப் பெட்டிகளிலும் பேழைகளிலும் தேடிக்கொண்டிருந்தது என் பிழை. அது வயல் வரப்பில் நின்றது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தை எட்டிப் பார்த்தேன். 1922-இல் இந்த ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மறு ஆண்டே தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சகங்கள் பெருகியது அப்படித்தான். பட்டாசு வந்தபோது லேபிள் இன்னும் பெரிதானது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே போர்மேன் ஒரு தாளை நீட்டினார். "பாருங்க அண்ணாச்சி, இப்ப இதுதான் முக்கியம்" என்று விரல் வைத்துக் காட்டினார். பசுமைப் பட்டாசுக்கான நீரி நிறுவனத்தின் இலச்சினையும், பக்கத்தில் கியூஆர் கோடும். சாமி படம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அந்தச் சின்ன இலச்சினை இல்லாவிட்டால் பெட்டி சந்தைக்குப் போகாது. லட்சுமி படத்தை வெடித்துத் தெருவில் மிதிபட விடாதீர்கள் என்று ஊரில் பெரியவர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. உருவத்துக்கு மரியாதை உண்டு என்ற எண்ணம்தான் முத்திரை என்ற ஏற்பாட்டுக்கே அடித்தளம்.

சிவகாசியை விட்டுத் தெற்கே போனால் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் 2022-இலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய இடம். 2024-இல் அங்கே திமிலுள்ள காளையைக் குடைந்த ஒரு சூதுபவளக் கல் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு இங்கிலாந்தின் டரம் நகரத்து மடம் நினைவுக்கு வந்தது. அந்த மடத்துத் துறவிகள் தங்கள் பொது முத்திரைக்கு ரோமானியர் காலத்துக் குடைவுக்கல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கல்லில் இருந்தது ஜூப்பிட்டர் தேவனின் தாடி வைத்த தலை. அதைச் சுற்றி உலோகத்தில் லத்தீன் எழுத்தைச் சேர்த்து, அரசரும் புனிதருமான ஆஸ்வால்டின் தலை என்று பெயரிட்டுவிட்டார்கள். கல் ஒரு சமயத்துடையது, பெயர் வேறொரு சமயத்துடையது. இதைப் படித்து வியக்கும் தமிழர் யாராவது இருந்தால் மதுரைக்குப் பக்கத்திலுள்ள சமணர் மலைக்குப் போய் வரலாம். அங்கே குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர்மக்கள் செட்டியார் என்கிறார்கள். இடத்துக்குப் பெயர் செட்டிப்புடவு.

ஐரோப்பிய ஆயர்களின் முத்திரைகளை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. மேலும் கீழும் கூர்ந்து, நடுவில் அகன்று, வேலின் இலை மாதிரி இருக்கும். நிற்கும் மனித உருவத்துக்கு அந்த வடிவம் பொருந்திவருகிறது. உள்ளே ஆயர் முழு அங்கியுடன், தலையில் இரட்டைக் கூர் மகுடமும் ஒரு கையில் செங்கோலுமாக, மறு கையை ஆசீர்வதிக்க உயர்த்தியபடி நிற்பார். விளிம்பைச் சுற்றி அவர் பெயரும் பதவியும். பின்னாளில் மேலே மாதாவும் புனிதர்களும் வந்து அமர்ந்தார்கள். ஆயர் சிறுத்துக் கீழே ஒரு மாடத்தில் மண்டியிட்டார். முத்திரையில் தன் உருவத்தைத் தானே சிறிதாக்கிக்கொண்ட அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும்.

ஆயர் இறந்தால் அச்சை உடைத்துவிடுவார்கள். இறந்தவர் கையெழுத்தை வைத்து யாரும் நிலம் எழுதிக்கொள்ளக் கூடாதல்லவா. போப்பின் மீனவர் மோதிரத்தில் புனித பேதுரு படகிலிருந்து வலை வீசுகிறார். போப் மறைந்ததும் அதைச் சிதைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இடைக்காலத்தில் போப்பின் பெரிய ஆணைகளுக்கு மெழுகு கிடையாது, ஈயம். ஒரு பக்கம் பவுல், பேதுரு இருவரின் முகம், மறுபக்கம் போப்பின் பெயர். சலுகை தரும் ஆணை என்றால் பட்டுக் கயிறு, கட்டளை என்றால் சணல் கயிறு. இங்கிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் கொல்லம். 1329-இல் போப் 22-ஆம் யோவான் அந்த ஊரை மறைமாவட்டமாக்கி, ஜோர்தான் கத்தலானி என்ற டொமினிக்கன் துறவியை முதல் ஆயராக்கினார். மிளகு ஏற்றப் போன கடல்வழியில், இரண்டு திருத்தூதர்களின் ஈய முகங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவர் நமது கரைக்கு வந்தார்.

பாண்டியனின் மீனும் பேதுருவின் வலையும் ஒரே கடலைப் பார்த்தன என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கழுகுமலை வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயிலில் மணி அடித்தது. மேலே ஏறினால் ஒரு பக்கம் வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் தளி. அதைப் பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். இன்னும் சற்று நடந்தால் அய்யனார் கோயில் பக்கம் பாறை முகம் முழுக்கத் திருமேனிகள். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டிச் செதுக்கியவை.

வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். உயரத்தில் ஒரு முழம் இருக்கும் சின்னச் சின்ன உருவங்கள். ஒரே அச்சில் குத்தியதுபோல் ஒவ்வொன்றும் அதே அமைதியில், அதே இருப்பில். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மூன்று குடைகள், ஒன்றன் மேல் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. அரசனுக்கு ஒரு குடை. மூவுலகையும் வென்றவருக்கு மூன்று. அந்தக் குடைக்குக் கீழே அமர்ந்திருப்பவரிடம் ஆடை கூடக் கிடையாது. பார்சுவநாதருக்கு நாகப்படம் குடை பிடிக்கிறது. அம்பிகா சிங்கத்தோடு தனியே நிற்கிறாள். பாகுபலியின் காலில் கொடி சுற்றியிருக்கிறது.

நான் போனது உருவங்களுக்குக் கீழே இருப்பதற்காக. பல திருமேனிகளின் அடியில் வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன ஊர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர், இன்னாரின் பொருட்டுச் செய்வித்த திருமேனி. அவ்வளவுதான். தச்சர், வேளார், உழவர் பெயர்கள் இருக்கின்றன. ஆண் துறவிகளான படாரர்கள் இருக்கிறார்கள். பெண் துறவிகளான குரத்தியர் இருக்கிறார்கள். திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி என்று ஊரோடு சேர்த்து. ஐரோப்பாவில் மடத்துத் தலைவியருக்குத் தனி முத்திரை இருந்தது என்று வியப்போடு எழுதுகிறார்கள். இந்தக் குரத்தியரின் பெயர்கள் 1,100 ஆண்டுக்கு மேலாகத் திறந்த வெளியில் வெயிலில் நிற்கின்றன.

பாறை நிழலில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே உருவம், கீழே ஊரும் ஆசிரியர் பெயரும். வேல் இலை வடிவ மெழுகிலும் அதே ஏற்பாடுதான், நாளந்தாவின் சுடுமண்ணிலும் அதே ஏற்பாடுதான். ஒரு வேறுபாடு உண்டு. ஆயர் தன் உருவத்தை வைத்தார். இங்கே செய்வித்தவர் உருவம் எங்கும் இல்லை. அவர் தன் ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் நிற்கிறார். ஆசிரியர் அவருடைய ஆசிரியருக்குப் பின்னால். சமணர் மலைக் கல்வெட்டு ஒன்று குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறையை அடுக்கிவிட்டுத்தான் திருமேனி செய்ததைச் சொல்கிறது. அந்தத் திருமேனியைக்கூடக் கீழக்குயில்குடி ஊரார் பேரால் செய்ததாகச் சொல்லி, காக்கும் பொறுப்பைப் பள்ளியின் சிவிகை தூக்கிகளிடம் விடுகிறது. பெயர் பொறிக்க வாய்ப்புக் கிடைத்தும் புகழை ஊருக்கும் காவலைப் பணியாளுக்கும் கொடுத்துவிட்டுப் போன மனிதர்.

அந்தக் குறண்டி வேறு எங்கோ இல்லை. காரியாபட்டிப் பக்கம், இதே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அக்காலத்தில் வெண்பு நாடு. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி பாண்டிய நாட்டின் பெரிய சமணப் பள்ளிகளில் ஒன்று. மதுரைக் குன்றுகளில் திருமேனி செய்வித்த துறவிகள் பலர் அந்தப் பள்ளியைத் தங்கள் முகவரியாகப் பொறித்துவிட்டுப் போனார்கள். மழை பொய்க்கும் இந்தக் கரிசலில் ஒரு பள்ளி, அதன் பெயர் சொன்னாலே போதும் என்கிற அளவுக்கு மதிப்போடு இருந்திருக்கிறது. சித்தி லேபிளைப் பற்றிச் சொன்னதுதான் இதற்கும். குறண்டி என்று எழுதிவிட்டால் அந்தப் பள்ளியே வந்து பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள், எடை ஏறத்தாழ 30 கிலோ. அதைக் கோத்த வளையத்தின் முத்திரையில் இருப்பது சோழனின் புலி, பக்கத்தில் பாண்டியனின் மீன்கள், சேரனின் வில். வாங்கியவர்கள் பிக்குகள், முத்திரை அரசனுடையது. அது இயல்பு, கொடுத்தவன்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். பிடியானையை நடக்கவிட்டு எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேடு கடல் தாண்டி லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. சூடாமணி விகாரை இன்று இல்லை. அரசனின் செம்பு போன வழியில் நடப்பட்ட கல் போகவில்லை. கல் அங்கேயேதான் கிடந்தாக வேண்டும், யாராவது பெயர்க்காத வரை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆமத்தூரில் சித்தி விளக்கைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். லேபிளை ஏன் வாங்கிப் போனேன் என்று சொன்னேன். திருத்தங்கல் வாசலையும் கழுகுமலையின் மூன்று குடையையும் கைப்பேசியில் காட்டினேன். குடையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், "இந்த மாதிரி கல்லு ஒண்ணு எங்க அய்யா காட்டு வரப்புல கெடந்துச்சுப்பா. சின்னப் பிள்ளையில அதுமேல ஏறி உக்காந்து கூழு குடிச்சிருக்கேன்" என்றார்.

"இப்ப எங்க சித்தி?"

"ரோடு போட்டப்ப ஜேசிபி வச்சு அள்ளிட்டாக."

அது முக்குடைக்கல்தானா, வெறும் வரப்புக்கல்லா என்று இனி யாரும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்த வட்டாரத்தில் ஆலைக்கு நிலம் வாங்குகிறவர்கள், மனை பிரிக்கிறவர்கள், சாலை போடுகிறவர்கள், காடு திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ சூலமோ சக்கரமோ மூன்று குடையோ பொறித்த கல்லைக் கண்டால் அதைப் பெயர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள், பத்திரப்படுத்துவதாக நினைத்து வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தோடு சேர்த்துத்தான் அது எல்லைக்கல். நின்ற நிலையிலேயே ஒரு படம் எடுங்கள், ஊர்ப்பெயரையும் காட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், விருதுநகர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.